நினைவகத்தின் பெரும்பக்கங்கள்

128 கிகாபைற்று நினைவகங் கொண்ட சேவையகக் கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை இயங்குகின்றது. நினைவகத்தின் சரிபாதியை, அஃதாவது 64 கிகாபைற்றை, தரவுத்தளம் ஒன்று தன் பொதுவிடமாக வைத்துக்கொண்டிருக்கின்றது. மருத்துவமனையின் நோயாளர் பதிவேடோ, வங்கியின் கணக்கேடோ, புகையிரத ஆசனப் பதிவோ, எதுவாகவும் இருக்கட்டும். காலையில் அலுவல் தொடங்குகின்றது. இருநூறு தொடர்புகள் அத்தரவுத்தளத்தோடு ஏற்படுகின்றன. எஞ்சிய 64 கிகாபைற்று அவற்றுக்குத் தாராளமாகப் போதும் என்பது பொறுப்பாளரின் கணக்கு. ஆயினும் பிற்பகலிற் கணினி தள்ளாடுகின்றது. இடம் முற்றாகத் தீர்ந்துவிடவே, மிகுந்த இடத்தைப் பிடித்திருக்கும் செய்நிரல் எதுவெனத் தேடி, அதனைப் பணிசெயல் முறைமை கொன்றுவிடுகின்றது. மிகுந்த இடத்தைப் பிடித்திருப்பது தரவுத்தளமேயன்றி வேறில்லை. வரிசையில் நிற்கும் மக்கள் காத்துக்கிடக்கின்றனர்.

அந்த இடமெல்லாம் எங்கே போயிற்று? ஆராய்ந்து பார்த்தால், ஏறக்குறைய 25 கிகாபைற்று எவருடைய தரவுமல்லாத ஒன்றுக்குச் செலவாகியிருக்கக் காணலாம். தரவு எந்தெந்த இடத்திற் கிடக்கின்றது என்பதைக் குறித்துவைக்கும் அட்டவணைகளே அவை. அறுபத்துநான்கு பக்க நூலொன்றுக்கு இருபத்தைந்து பக்கத்திற் பொருளடக்கம் அச்சிட்டது போன்ற நிலை இது. இஃது எவ்வாறு நேர்கின்றது, இதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு 1962ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 7ஆந் திகதி இங்கிலாந்தின் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் ‘அட்லஸ்’ என்னும் கணினி தொடக்கி வைக்கப்பட்டது. டொம் கில்பேர்ன் என்னும் அறிஞரின் தலைமையில், ஃபெராண்டி நிறுவனத்தாரின் கூட்டுறவுடன் அது உருவாயிற்று. அக்காலத்து வேகமான நினைவகம் சின்னஞ்சிறு காந்த வளையங்களாற் கோக்கப்பட்டது, விலையோ பெரிது. அட்லஸில் அத்தகைய வளைய நினைவகம் 16,384 சொற்களுக்கே இடங்கொடுத்தது. ‘சொல்’ என்பது இங்கே 48 இருமக் குறிகளைக் கொண்ட ஒரு கூறு. அதனினும் ஆறு மடங்கு பெரிய சேமிப்பு, சுழலும் காந்த உருளையில் இருந்தது. ஆனால் அது மிகவும் மந்தமானது. அதற்கு முன்னர், எதை உருளையில் வைப்பது, எதை எப்பொழுது வளையத்துக்குக் கொண்டுவருவது என்னும் தலைவேதனை செய்நிரல் எழுதுபவருடையதாகவே இருந்தது.

கில்பேர்ன் குழுவினர் நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்தனர். வளைய நினைவகம் 32 பக்கங்களாயிற்று. அப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவுப்பொறி. இதிலே இப்பொழுது இன்ன பக்கம் இருக்கின்றது என்று அது சொல்லும். செய்நிரல் ஒரு முகவரியைக் கேட்டதும் 32 பொறிகளும் ஒரே நேரத்திற் பார்க்கப்படும். வேண்டிய பக்கம் இல்லையாயின் இயந்திரமே அதனை உருளையிலிருந்து எடுத்துவரும். செய்நிரல் எழுதுபவர், தமக்கு முன்னே ஒரே பரந்த நினைவகம் கிடக்கின்றது என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாக எழுதலாம். இன்று நம் சட்டைப் பையிலுள்ள தொலைபேசி வரைக்கும் ஆட்சி செய்யும் மெய்நிகர் நினைவகம் இவ்வாறே பிறந்தது.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அட்லஸில் 32 பக்கங்கள், குறிப்புகளும் 32. நினைவகம் முழுவதையும் குறிப்பேடு அணைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பொருத்தம் பின்வந்த கணினிகளில் நிலைக்கவில்லை.

இன்றைய கணினியிலும் செய்நிரல் பயன்படுத்தும் முகவரி உண்மையான முகவரியன்று. ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் முறைவழியாக்கி அந்த மெய்நிகர் முகவரியை உண்மை முகவரியாகப் பெயர்த்தறிய வேண்டும். பெயர்ப்பு விவரம் முழுவதும் நினைவகத்திலேயே ‘பக்க அட்டவணை’ என்னும் பெயரில் வைக்கப்பட்டுள்ளது. இதனை ஒல்லாந்தர் காலத்துக் காணித் தோம்புக்கு ஒப்பிடலாம். இன்ன காணி இன்னாருடையது, இன்ன இடத்திலுள்ளது என்று தோம்பு சொல்லும். ஆனால், கேள்வி வருந்தோறும் பெட்டகத்தைத் திறந்து தோம்பைப் புரட்டுவதென்றால் எந்தக் கந்தோரும் நடவாது. ஆகவே எழுதுவினைஞர் அண்மையிற் பார்த்த பதிவுகளை ஒரு சிறு துண்டிற் குறித்து மேசைமேல் வைத்துக்கொள்வார். முறைவழியாக்கிக்குள்ளும் அத்தகைய துண்டு ஒன்று உண்டு. அதனை ஆங்கிலத்தில் டி.எல்.பி. என மூன்றெழுத்தாற் சுட்டுவர். நாம் கைக்குறிப்பேடு என்போம். அது மிகவும் வேகமானது. வேகமாயிருப்பதற்காகவே மிகவும் சிறியது.

1985ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 80386 என்னும் முறைவழியாக்கியிற் பக்கத்தின் அளவு 4 கிலோபைற்று. கைக்குறிப்பேட்டில் 32 பதிவுகள். ஆகவே ஒரு வேளையில் 128 கிலோபைற்றுக்கான விவரம் கைவசம் இருந்தது. ஒரு சில மெகாபைற்று நினைவகமே பெரிதெனக் கருதப்பட்ட அக்காலத்தில் அது போதுமானதே. முப்பது ஆண்டு கழித்து, 2015இல் வந்த ‘ஸ்கைலேக்’ வகையின் பெரிய கைக்குறிப்பேட்டில் 1,536 பதிவுகள் உள்ளன. நாற்பத்தெட்டு மடங்கு வளர்ச்சி. அதே காலத்தில் நினைவகமோ பல்லாயிரம் மடங்கு பெருத்துவிட்டது. பக்கத்தின் அளவு மட்டும் 4 கிலோபைற்றிலேயே நின்றுவிட்டது. அட்லஸின் பக்கம் 3 கிலோபைற்று என்பதை நினைத்தால், ஆறு பத்தாண்டுகளில் இது வளர்ந்தது மிகச் சொற்பம். 1,536 பதிவுகளை 4 கிலோபைற்றாற் பெருக்கினால் 6 மெகாபைற்று. 64 கிகாபைற்றுப் பரப்பில் அங்குமிங்குமாக உலாவும் தரவுத்தளத்துக்கு 6 மெகாபைற்றுக் குறிப்பு எம்மட்டு?

குறிப்பேட்டில் இல்லாதபோது முறைவழியாக்கி பக்க அட்டவணையை நாடவேண்டும். 2003இல் ஏ.எம்.டி. நிறுவனத்தாரால் நடைமுறைக்கு வந்த 64 இரும அமைப்பில் அட்டவணை நான்கு படிகளாக அடுக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஏட்டிலும் 512 பதிவுகள். முதலேடு இரண்டாவதைக் காட்டும். அது மூன்றாவதைக் காட்டும். நான்காவது ஏடே பக்கத்தைக் காட்டும். ஒரு தரவைத் தொடுமுன் நான்கு முறை நினைவகத்தைத் தொடவேண்டும் என்பது இதன் பொருள். கணினிக்குள்ளே இன்னொரு கணினி இயங்குவதுபோலக் காட்டும் மெய்நிகர் இயந்திரங்களில் இரு அட்டவணைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், இந்த நான்கு இருபத்துநான்கு வரை ஏறிவிடும்.

இப்பொழுது பெரும்பக்கம் என்றால் என்னவென்று சொல்வது எளிது. நான்காவது ஏட்டை விட்டுவிடுவோம். மூன்றாவது ஏட்டின் பதிவே நேராக நினைவகத்தைக் காட்டட்டும். 512 சிறுபக்கங்களுக்குரிய இடம் அப்பொழுது ஒரே பக்கமாகிவிடும். 4 கிலோபைற்றின் 512 மடங்கு 2 மெகாபைற்று. இன்னும் ஒரு படியை விட்டால் அதன் 512 மடங்கு, அஃதாவது 1 கிகாபைற்று. பெரும்பக்கம் நாம் விரும்பும் எந்த அளவிலும் அமையாது, இவ்விரண்டு அளவுகளில் மட்டும் அமைவதன் காரணம் இதுவே. 1,536 பதிவுகள் இப்பொழுது 6 மெகாபைற்றுக்குப் பதிலாக 3 கிகாபைற்றை அணைத்துக்கொள்ளும்.

நிற்க. தொடக்கத்திற் சொன்ன 25 கிகாபைற்றுக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். 64 கிகாபைற்றில் 4 கிலோபைற்றுப் பக்கங்கள் 1,67,77,216 உள்ளன. அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் 8 பைற்று. பெருக்கினால் 128 மெகாபைற்று. இது சிறுதொகைதானே எனலாம். ஆனால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் ஒவ்வொரு தொடர்புக்கும் தனியொரு செயலி பிறக்கின்றது. ஒவ்வொரு செயலிக்கும் தனியட்டவணை. தரவு பொதுவானது, அட்டவணையோ தனித்தனியானது. ஒரே காணிக்கு இருநூறு வாரிசுகளும் ஆளுக்கொரு தோம்பு எழுதி வைத்துக்கொள்வது போன்றது இது. காலையிற் பிறந்தபோது அந்தத் தனியட்டவணை சிறிதாகவே இருக்கும். பொதுவிடத்தின் புதிய பகுதி ஒவ்வொன்றையும் தொடத்தொட அது பருக்கும். அதனாலேதான் கேடு காலையில் தெரியாமற் பிற்பகலில் தெரிகின்றது. 128 மெகாபைற்றை 200ஆற் பெருக்கினால் 25 கிகாபைற்று. இதையே 2 மெகாபைற்றுப் பக்கங்களாக வைத்தால், பக்கங்கள் 32,768. செயலி ஒன்றுக்கு அட்டவணை 256 கிலோபைற்று. இருநூற்றுக்கும் சேர்த்து 50 மெகாபைற்று. பெரும்பக்கத்தின் பயனாக வேகத்தையே பலரும் எடுத்துச் சொல்வர். என் எண்ணத்தில், இத்தகைய தரவுத்தளங்களுக்கு இவ்விட மிச்சமே முதற்பயன். வேகம் அதனோடு சேர்ந்து வருவது.

இவ்வளவு நன்மையிருக்க, எல்லாப் பக்கத்தையும் பெரும்பக்கமாக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். 300 பைற்றுக் கோப்பொன்றை வைப்பதற்கு 2 மெகாபைற்று இடத்தைக் கொடுப்பது அறிவுடைமையாகாது. மற்றொரு தடை இன்னும் பெரிது. பெரும்பக்கம் இடையறாத ஒரே துண்டாக, 2 மெகாபைற்று எல்லையிலேயே தொடங்குவதாக இருத்தல் வேண்டும். கணினி தொடங்கிச் சில மணி நேரம் ஓடியபின் நினைவகம், பிள்ளைகளுக்குப் பரப்புப் பரப்பாகப் பிரித்துக் கொடுத்த பழைய வளவு போலாகிவிடும். ஆங்காங்கே வெறுங்காணி கிடக்கும். கூட்டிப் பார்த்தாற் பத்து ஏக்கர் தேறும். ஆனால் சேர்ந்தாற்போற் பதினாறு பரப்பு எடுத்து ஓர் ஏக்கர் வேலி போட ஓரிடமும் அகப்படாது. குடியிருப்பவர்களை அங்குமிங்கும் நகர்த்தி இடஞ்சேர்க்கும் வழி கெர்னலிடம் உண்டு. முறைமையின் கருவாக நின்று வன்பொருளை ஆளும் பகுதியையே கெர்னல் என்கின்றோம். நகர்த்துவதற்கு நேரம் பிடிக்கும். நகர்த்த இயலாத பக்கங்களும் உள்ளன.

ஆகவே இடம் குலையுமுன், கணினி எழும்பும்பொழுதே பெரும்பக்கங்களை ஒதுக்கிவைப்பது பழைய முறை. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 பதிப்பிலேயே இவ்வசதி இருந்தது. ‘வி.எம். என்.ஆர். ஹியூஜ்பேஜஸ்’ என்னும் அமைப்பில் எத்தனை பக்கங்கள் வேண்டும் என்ற எண்ணை எழுதிவிட்டால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது கெர்னல் அவற்றைத் தனியே எடுத்துவைக்கும். 1 கிகாபைற்றுப் பக்கங்களாயின் கெர்னலைத் தொடக்கும் கட்டளை வரியிலேயே அளவையும் எண்ணிக்கையையும் குறித்துவிடுதல் நன்று. பின்னர்க் கேட்டாற் கிடைப்பது அரிது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இந்த எண்ணைக் கூட்டினால், கெர்னல் தன்னால் இயன்றதை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். குறைவாகக் கொடுத்தேன் என்று முறையிடாது. கேட்டது கிடைத்ததா என்று நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒதுக்கிய பக்கத்தை வேறெந்தச் செய்நிரலும் சாதாரண தேவைக்குத் தொடமுடியாது. வட்டுக்கு வெளியேற்றவும் முடியாது. இங்கேதான் எண்ணைத் தவறாக எழுதுவோர் இரட்டை நட்டம் அடைகின்றனர். நமது உதாரணத்தையே பார்ப்போம். 64 கிகாபைற்றுத் தரவிடம். வகுத்தால் 32,768 பக்கங்கள். பொறுப்பாளர் அவ்வெண்ணையே சரியாக எழுதுகின்றார். ஆனால் தரவுத்தளம் தரவுக்கு மட்டுமன்றிப் பூட்டுகளுக்கும் பிற குறிப்புகளுக்குமாக இன்னுஞ் சிறிது பொதுவிடம் கேட்கும். போஸ்ட்கிரெஸ் இவையனைத்தையும் ஒரே துண்டாகவே கேட்கின்றது. சில நூறு பக்கங்கள் போதாமையினால் முழுக்கோரிக்கையும் தோற்றுவிடுகின்றது. தோற்றதும் தரவுத்தளம் என்ன செய்யும்? 2014இல் வெளியான 9.4ஆம் பதிப்பிலிருந்து அதில் ‘ஹியூஜ் பேஜஸ்’ என்னும் அமைப்பு உண்டு. அதன் இயல்பான நிலை ‘ட்ரை’, முயன்று பார் என்பது. முயன்று முடியாவிட்டாற் சிறுபக்கங்களையே எடுத்துக்கொண்டு ஒன்றும் நடவாததுபோல் இயங்கத் தொடங்கிவிடும். ஒதுக்கிவைத்த 64 கிகாபைற்று ஒருவருக்கும் உதவாமற் பூட்டிய அறையாகக் கிடக்கும். எஞ்சிய 64 கிகாபைற்றுக்குள் தரவும், பழையபடி பெருத்த அட்டவணைகளும், இருநூறு செயலிகளும், முறைமையும் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பக்கமே அமைக்காதிருந்தால் மாலைவரை தாக்குப்பிடித்திருக்கும் கணினி, அமைத்ததனால் நண்பகலிலேயே விழுந்துவிடும்.

இதனாலே ‘ட்ரை’ என்பதை நீக்கி ‘ஒன்’ என்று எழுதுவதே நல்லதென்பேன். அப்பொழுது பெரும்பக்கம் போதாவிட்டால் தரவுத்தளம் தொடங்கவே மறுத்துவிடும். மறுப்பது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது, வேலை தொடங்குமுன் தெரியும் பிழை சிறுபிழை. 2022இல் வந்த 15ஆம் பதிப்பில், எத்தனை பெரும்பக்கங்கள் தேவை என்று தரவுத்தளத்தையே கேட்டறியும் வழியொன்றும் சேர்க்கப்பட்டது. நாம் வகுத்துக் கூட்டிச் சிரமப்பட வேண்டியதில்லை. அது சொல்லும் எண்ணோடு சிறிது கூட்டி எழுதினாற் போதும்.

பொறுப்பாளர் எண்ணி எழுதும் இம்முறைக்கு மாற்றாகப் பிறிதொன்றும் உண்டு. 2011 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 2.6.38இல், இத்தாலியரான அந்திரேயா ஆர்காஞ்செலி இயற்றிய தன்னியக்கப் பெரும்பக்க முறை சேர்ந்தது. செய்நிரல் கேளாமலே, இடங் கிடைக்கும்போது கெர்னல் பெரும்பக்கத்தைக் கொடுக்கும்; கெர்னலுக்குள் இருக்கும் ஊழியன் ஒருவன் பின்னணியில் உலாவிச் சிறுபக்கங்களைப் பொறுக்கிப் பெரும்பக்கமாகக் கட்டுவான். இதற்கு மூன்று நிலைகள் உண்டு: ‘ஓல்வேஸ்’ எப்பொழுதும் என்பது, ‘எம்-அட்வைஸ்’ செய்நிரல் வேண்டினால் மட்டும், ‘நெவர்’ ஒருபோதுமில்லை. ரெட் ஹாட் நிறுவனத்தார் தம் லினக்ஸை முதல் நிலையில் வைத்து அனுப்புகின்றனர். உபுண்டு இரண்டாவதை விரும்புகின்றது. ஒன்று கவனிக்கத்தக்கது: இயல்பான அமைப்பில் இம்முறை செய்நிரலின் தனியிடத்துக்கே உதவும். பல செயலிகள் பகிரும் பொதுவிடத்துக்கு உதவாது. ஆகவே நமது 25 கிகாபைற்று நோய்க்கு இது மருந்தாகாது. அதற்கு ஒதுக்கீட்டு முறையே வேண்டும்.

தன்னியக்க முறை பல தரவுத்தளக்காரரிடம் கெட்ட பெயரும் வாங்கியது. பக்கமொன்றைக் கேட்ட செய்நிரலை நிறுத்திவைத்துவிட்டுக் கெர்னல் இடஞ்சேர்க்கப் புறப்பட்டுவிடும். அந்த இடைவெளி விட்டுவிட்டு வரும் விக்கல்போற் பயனாளரை வருத்தும். 2016இல் வெளியான 4.6ஆம் பதிப்பு முதல், வேண்டிக் கேட்ட செய்நிரல்களுக்கு மட்டுமே அவ்வாறு உடனடியாக இடஞ்சேர்ப்பது இயல்பாக்கப்பட்டது. ரெடிஸ் என்னும் தரவுத்தளம் தன் தரவை வட்டில் எழுதுவதற்காகத் தன்னைப்போல் ஒரு பிள்ளைச் செயலியை உண்டாக்கும். இருவரும் ஒரே பக்கங்களைப் பகிர்வர்; தாய் எதையேனும் மாற்றும்போதுதான் அப்பக்கம் படியெடுக்கப்படும். சிறுபக்கமாயிருந்தால் 4 கிலோபைற்றுப் படி. பெரும்பக்கமாயிருந்தால் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் 2 மெகாபைற்றுப் படி. ஆகவே ரெடிஸ் ஆசிரியர்கள் இம்முறையை நிறுத்திவிடுமாறு சொல்லினர். 2020இல் வந்த 5.8ஆம் பதிப்பு முதல் இத்தகைய வேளையிற் கெர்னல் பெரும்பக்கத்தை உடைத்துச் சிறியதொன்றை மட்டுமே படியெடுக்கின்றது. மொங்கோ டி.பி. என்னும் தரவுத்தளத்தின் வரலாறு இன்னும் சுவையானது. 7.0ஆம் பதிப்பு வரை நிறுத்திவையுங்கள் என்றவர்கள், நினைவகத்தைப் பங்கிடும் உட்பகுதியைப் புதுப்பித்தபின், 2024இல் வந்த 8.0ஆம் பதிப்புக்கு இயக்கிவையுங்கள் என்கின்றனர். எனவே எவரேனும் ‘நிறுத்து’ என்றோ ‘இயக்கு’ என்றோ எழுதிவைத்திருந்தால், அது எந்தப் பதிப்புக்கு, எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று முதலிற் பார்க்கவேண்டும்.

சிறுபக்கத்தின் அளவையே சற்றுப் பெருக்கிவிடும் மற்றொரு போக்கும் இப்பொழுது தெரிகின்றது. அப்பிள் நிறுவனம் தன் சொந்த முறைவழியாக்கி கொண்ட மேசைக்கணினிகளில் 16 கிலோபைற்றுப் பக்கத்தைப் பயன்படுத்துகின்றது. அன்ட்ரொயிட் 2024இல் வந்த 15ஆம் பதிப்பில் அதே அளவுக்கு இடமளித்தது.

இனி, தம் பொறுப்பில் லினக்ஸ் சேவையகம் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ‘புரொக்’ என்னும் கோப்புறையில் ‘மெம்இன்ஃபோ’ என்றொரு கோப்பு உண்டு. அதில் ‘பேஜ்டேபிள்ஸ்’ என்று தொடங்கும் வரியே பக்க அட்டவணைகள் தின்னும் இடத்தைச் சொல்வது. அலுவல் மும்முரமாக நடக்கும் வேளையில் அதனைப் பாருங்கள். அதிகாலையிற் பார்ப்பதாற் பயனில்லை. அது சில நூறு மெகாபைற்றாயின் பெரும்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டிய அவசரமில்லை. கிகாபைற்றுக் கணக்கில் ஏறியிருந்தால், மேலே சொன்னவாறு பக்கங்களை ஒதுக்கிக் கணினியையும் தரவுத்தளத்தையும் மீளத் தொடக்குங்கள். பின்னர் அதே கோப்பில் ‘ஹியூஜ்பேஜஸ்’ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். மொத்தம் நீங்கள் கேட்ட எண்ணாக இருக்கவேண்டும். ‘ஃப்ரீ’ என்னும் எண் உடனே குறையாதது கண்டு அஞ்சவேண்டா; முன்பதிவைக் குறிக்கும் அடுத்த வரியின் எண் ஏறியிருந்தாற் போதும். தரவுத்தளம் பக்கங்களைத் தொடத்தொட ‘ஃப்ரீ’ குறையும். ‘ஃப்ரீ’ குறையாமலும் முன்பதிவு சுழியாகவும் நிற்குமாயின், நீங்கள் ஒதுக்கிய அறை பூட்டிக்கிடக்கின்றது; பிற்பகல் வருமுன் எண்ணைத் திருத்திவிடுங்கள்.